வன்பொருள் ஆதரவுப் பட்டியல் எங்கே இருக்க வேண்டும்?

சொந்தமாக ஓர் இயக்குதளத்தையோ, பெரிய இயக்குதளம் ஒன்றிலிருந்து கிளைத்த வழங்கலையோ பராமரித்துவரும் எந்தக் குழுவும், எந்தெந்தச் சாதனங்கள் அதில் வேலை செய்யும் என்று பயனர்களுக்குச் சொல்லும் ஆவணத்தை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் விடுவது என்ற முடிவை ஒரு கட்டத்தில் எடுத்தே ஆக வேண்டும். பொதுக் கையேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதிவைக்கலாம். ஒவ்வொரு டிரைவரோடும் (சாதனத்தை இயக்கும் நிரலோடும்) ஒரு மேன் பக்கமாக, அதாவது கட்டளை வரியில் படிக்கும் உதவிப் பக்கமாக வைக்கலாம். மூலநிரலில் உள்ள அடையாள எண் அட்டவணையிலிருந்து தானாகவே உருவாக்கிக்கொள்ளலாம். பயனர்கள் திருத்தும் விக்கியில் விட்டுவிடலாம். பயனர்களின் கணினிகளிலிருந்து அறிக்கைகளைத் திரட்டலாம். தயாரிப்பாளர்கள் சோதித்துப் பெறும் சான்றிதழையே பட்டியலாகக் கொள்ளலாம்.

இவற்றை ஒப்பிடும்போது, எழுதுவதற்கு எது எளிது என்று பார்ப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. புதிய சாதனத்துக்கு டிரைவர் எழுதியவருக்கு அதைப் பட்டியலில் சேர்க்கும் ஆர்வம் இயல்பாகவே இருக்கும். அவர் மறந்தாலும் அந்தச் சாதனத்தை வைத்திருக்கும் பயனர் ஒருவர் நினைவூட்டிவிடுவார். நீக்க வேண்டிய வரிக்கு அப்படிக் கேட்பார் யாரும் கிடையாது. டிரைவரை இயக்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலிருந்து எடுத்த பிறகும், அல்லது தயாரிப்பாளர் அதே பெயரில் வேறு சிப்பை வைத்து விற்கத் தொடங்கிய பிறகும், பழைய வரி பட்டியலில் நின்றுகொண்டே இருக்கும். அதை நம்பிப் பணம் கொடுத்து வாங்கியவர்தான் தவறை முதலில் கண்டுபிடிப்பார். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் முதலில் கேட்க வேண்டியது, பொய்யாகிப்போன வரி அந்த வழியில் எப்படி விழும், யார் கையால் விழும் என்பதே.

டிரைவர்களை நீக்குவது அரிதான நிகழ்வும் அன்று. லினக்ஸ் கர்னல் 2013-இல் வெளியான 3.8 பதிப்போடு 80386 செயலிக்கான ஆதரவைக் கைவிட்டது. 2024 தொடக்கத்தில் வெளியான 6.7 பதிப்பில் இன்டெலின் இட்டேனியம் செயலிக் கட்டமைப்பு வெளியேறியது. யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி குடும்பத்து இயக்குதளங்களில் ஒன்றான ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தில், 10, 100 மெகாபிட் வேகத்தில் மட்டும் இயங்கும் பழைய ஈதர்நெட் அட்டைகளுக்கான டிரைவர்களை நீக்கும் முன்மொழிவு 2018-இல் வைக்கப்பட்டது. இன்னும் பலர் பயன்படுத்திவந்த ஆர்எல், எஃப்எக்ஸ்பி போன்ற டிரைவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டு, என்இ2000 வகை அட்டைகளை இயக்கிய இடி (ed) என்ற டிரைவர் உள்ளிட்ட ஒரு தொகுதியை 2021-இல் வந்த 13.0 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இப்படி ஒரே வெளியீட்டில் பல டிரைவர்கள் போகும்போது, ஆவணத்தில் எத்தனை இடங்களைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும் என்பதை வைத்தே ஒரு முறையின் தரத்தை ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

பொதுக் கையேட்டில் ஓர் அத்தியாயம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பதற்கு இதுவே இனியது, ஒரே நடையில் இருக்கும், புதியவருக்கு வழிகாட்டும். ஆனால் கையேட்டை எழுதுபவரும் டிரைவரைத் திருத்துபவரும் வேறு வேறு ஆட்கள், பெரும்பாலும் வேறு வேறு களஞ்சியங்களில் வேலை செய்பவர்கள். டிரைவர் நீக்கப்பட்ட செய்தி கையேட்டுக்காரருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. விண்டோஸ் 2000-இன் குறுவட்டில் வன்பொருள் இணக்கப் பட்டியல் ஓர் உரைக் கோப்பாகவே வந்தது. வட்டு அச்சான நாளோடு அந்தக் கோப்பின் உலகம் நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்தவற்றுக்கு இணையத்தில் இருந்த பட்டியலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கையேட்டு அத்தியாயமும், எவ்வளவு நவீனமான கருவியில் எழுதினாலும், மெல்ல மெல்ல அந்த நிலைக்கே போகிறது. மொழிபெயர்ப்புகள் இருந்தாலோ ஒரே பழைய வரி பல மொழிகளில் தனித்தனியாகப் பழசாகிக்கொண்டிருக்கும்.

சாதனம் வாங்குவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும், நிறுவும்போது வலையமைப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பன போன்ற, ஆண்டுகள் கடந்தும் மாறாத விளக்கங்களுக்குக் கையேடு பொருத்தமான இடம். மாதிரி எண்களை அதில் எழுதக் கூடாது.

டிரைவரோடு சேர்ந்த மேன் பக்கம்

பிஎஸ்டி குடும்பத்து இயக்குதளங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் வழி இது. ஒவ்வொரு டிரைவருக்கும், சாதனங்களுக்கான நான்காம் பிரிவில் ஒரு மேன் பக்கம் உண்டு. அது டிரைவரின் மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் இருக்கும். ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தில், நிரலை மாற்றுபவர் அதற்கான மேன் பக்கத்தையும் கையோடு மாற்ற வேண்டும் என்பது எழுதாத சட்டம் போலவே நடக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இதில் ஒரு படி மேலே போனது. டிரைவர் பக்கங்களில் ‘ஹார்டுவேர்’ என்ற தலைப்பின் கீழ், அந்த டிரைவர் ஆதரிக்கும் சாதனங்களை வரிவரியாக எழுதிவைப்பார்கள். ஒரு சிறு நிரல் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அந்தப் பகுதியை மட்டும் உருவி, வெளியீட்டோடு வரும் வன்பொருள் குறிப்புகளில் பொருத்திவிடும். பட்டியலை யாரும் இரண்டு முறை எழுதுவதில்லை.

இந்த ஏற்பாட்டின் உண்மையான வலிமை நீக்கத்தில்தான் தெரிகிறது. இடி டிரைவரை எடுக்கும்போது, கட்டமைப்புக் கோப்பில் அதன் பெயரை அழிப்பதைப் போலவே அதன் மேன் பக்கத்தையும் அதே மாற்றத்தில் அழிக்கிறார்கள். பக்கம் போனால், அடுத்த முறை தொகுக்கும்போது அதிலிருந்து உருவப்படும் வரிகளுக்கு ஊற்று இல்லாமல் போகிறது. பொய்யான வரி விழுவதற்குத் தனியாக யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. மாற்றத்தைச் சரிபார்ப்பவர், டிரைவர் கோப்பு அழிகிறது, பக்கம் அழியவில்லையே என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

எனினும் டிரைவர் முழுதாகப் போனால்தான் இது இவ்வளவு அழகாக நடக்கும். டிரைவர் இருந்து, அதன் உள்ளே ஒரு சிப்புக்கான ஆதரவு மட்டும் உடைந்துபோனாலோ குறைந்துபோனாலோ பக்கம் வாயைத் திறக்காது. மேன் பக்கத்தின் தலையில் தேதி ஒன்று உண்டு. உள்ளடக்கம் மாறும்போது அதையும் மாற்ற வேண்டும் என்பது விதி. ஓப்பன்பிஎஸ்டியில் அதைப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியே நிரப்பிவிடுகிறது. ஆனால் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அந்தத் தேதி புதுசாகிவிடும். தேதி புதியது என்பதால் சாதன வரிகளை யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

மேன் பக்கத்துக்கு இன்னொரு தகுதி உண்டு. வேறு எந்த வழிக்கும் அது எளிதில் வாய்ப்பதில்லை. ‘ஆதரவு’ என்பதன் அளவைச் சொல்ல டிரைவரை அறிந்த ஒருவரால்தான் முடியும். இன்டெல் வைஃபை அட்டைகளுக்கான ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் 2022-இல் ஃப்ரீபிஎஸ்டி 13.1-இல் வந்தபோது, அட்டைகளை அடையாளம் கண்டது, வலையமைப்பில் இணைந்தது, ஆனால் 802.11ஏ, பி, ஜி என்ற பழைய முறைகளில் மட்டுமே இயங்கியது. அதே அட்டை அதைவிடப் பல மடங்கு வேகம் தரக்கூடியது. ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள் கொண்ட பட்டியலில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது? மேன் பக்கத்தின் எச்சரிக்கைப் பகுதியில் இரண்டு வாக்கியங்கள் எழுதினால் விஷயம் தெளிவாகிவிடுகிறது.

அடையாள எண் அட்டவணையிலிருந்து தானாக உருவாக்குதல்

டிரைவர் எந்தச் சாதனத்தைத் தனதென்று ஏற்கும் என்பது மூலநிரலிலேயே எழுதியிருக்கிறது. பிசிஐ சாதனம் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரண்டு பதினாறடிமான எண்கள் உண்டு. 8086 இன்டெலைக் குறிக்கும். 8086:1533 என்றால் ஐ210 கிகாபிட் ஈதர்நெட் சிப். லினக்ஸில் ஐஜிபி டிரைவரின் அட்டவணையில் இந்த எண் இருக்கிறது. தொகுக்கும்போது அது டிரைவர் கோப்பின் தகவல் பகுதிக்கும் போய்ச் சேர்கிறது. கணினி தொடங்கும்போது எந்த டிரைவரை ஏற்றுவது என்று தீர்மானிப்பதும் அந்தத் தகவலை வைத்துத்தான். 2018 இறுதியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 12.0-இலும் டெவ்மேட்ச் என்ற கருவி இதே வேலையைச் செய்யத் தொடங்கியது. அப்படியிருக்க, அந்த அட்டவணையையே படித்து, பலரும் சேர்ந்து வளர்க்கும் பிசிஐ எண்–பெயர்த் தரவுத்தளத்தோடு பொருத்தி, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பட்டியலை அச்சிட்டுவிட்டால் மனிதர்களே தேவையில்லையே என்று தோன்றும்.

நீக்கம் என்ற அளவுகோலில் இதற்கு இணை கிடையாது. அட்டவணையில் பொருந்தும் வரி இல்லாவிட்டால் டிரைவர் ஏறாது. ஆகவே ஆவணமும் நிரலும் ஒன்றுக்கொன்று முரண்படவே முடியாது. மொழிபெயர்ப்புத் தொல்லையும் கிடையாது. தரவு ஒன்றே, தலைப்புகளை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் இந்த வழியை மட்டும் நம்புபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். முதலாவது, எண்ணே இல்லாமல் வகையை வைத்து ஏற்கும் டிரைவர்கள். வட்டுகளை இணைக்கும் ஏஎச்சிஐ சாட்டா கட்டுப்படுத்திகளை 01:06:01 என்ற வகைக் குறியீட்டையும், என்விஎம்இ வட்டுகளை 01:08:02 என்ற குறியீட்டையும் வைத்து டிரைவர் அடையாளம் காண்கிறது. சந்தையில் உள்ள என்விஎம்இ வட்டுகள் எத்தனையோ. தானாக உருவான பட்டியலில் அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே வரிதான் வரும். வேடிக்கை என்னவென்றால், லினக்ஸின் என்விஎம்இ டிரைவரில் தனித்தனி எண்களோடு இருக்கும் அட்டவணை வரிகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு குறைபாட்டுக்காகச் சிறப்பாகக் கவனிக்கப்பட வேண்டிய வட்டுகளுடையவை. அட்டவணையை அப்படியே பட்டியலாக அச்சிட்டால், தொல்லை தரும் வட்டுகள் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கப்பட்டவை போலவும், ஒழுங்காக வேலை செய்பவை பட்டியலிலேயே இல்லாதவை போலவும் தோன்றும்!

இரண்டாவது, எண் அட்டவணைக்கு ஏற்பது மட்டும்தான் தெரியும். அதற்கு அப்பால் நடப்பது தெரியாது. தனியே நிறுவ வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்), தூக்கநிலையிலிருந்து மீளும்போது வரும் சிக்கல், முன்பு சொன்ன வேகக் குறைவு ஆகிய எதற்கும் அதில் இடமில்லை. ஐடபிள்யூஎல்வைஃபை அட்டைகளை அது எந்தத் தயக்கமும் இல்லாமல் ‘ஆதரவு உண்டு’ என்று எழுதிவிடும்.

இங்கே ஏஆர்எம் செயலி கொண்ட சிறு கணினிப் பலகைகளைப் பற்றி ஒரு சொல். அவற்றில் பல சாதனங்கள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வதில்லை. டிவைஸ் ட்ரீ என்ற விவரணைக் கோப்பு கர்னலுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பில் என்னென்ன எழுதலாம் என்ற விளக்கங்கள் லினக்ஸில் ஒரு காலத்தில் சாதாரண உரையாக இருந்தன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரம் படிக்கக்கூடிய யாமல் வடிவ வரையறைகளாக மாற்றிவருகிறார்கள். இப்போது ஆவணமே சோதனைக் கருவியாகிவிட்டது. பலகையின் கோப்பு ஆவணத்தை மீறினால் சோதனைக் கட்டளை பிழை காட்டும்; புதிய சாதனப் பெயர் ஆவணத்தில் இல்லாவிட்டால் அனுப்பப்படும் நிரல் மாற்றங்களைச் (ஒட்டுகளை) சரிபார்க்கும் நிரல் எச்சரிக்கும். மனிதர் எழுதிய விளக்கத்தையும் இயந்திரம் சரிபார்க்கும் தரவையும் ஒரே கோப்பில் வைக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இதுதான்.

விக்கி

கடையில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு மேன் பக்கமும் எண் அட்டவணையும் பயன்படா. பெட்டியின் மேல் சிப்பின் பெயர் இருக்காது. வணிகப் பெயர்தான் இருக்கும். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபை சாதனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பதிப்பில் அத்தெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸில் அதை ஏடிஎச்9கே-எச்டிசி டிரைவர் இயக்கியது. பயனர்களிடையே நல்ல பெயர் வாங்கியது. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் உள்ளே இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் மாறவில்லை. யூஎஸ்பி எண் மாறிவிட்டது, டிரைவர் மாறிவிட்டது. அந்த ரியல்டெக் சிப்புக்கான டிரைவரும் லினக்ஸில் நெடுநாள், இன்னும் முதிராத நிரல்களுக்கான ஸ்டேஜிங் பகுதியில் இருந்துவிட்டு நீக்கப்பட்டது. அதன் வேலையை ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற டிரைவர் ஏற்றது. வணிகப் பெயர், பதிப்பு, சிப், டிரைவர் என நான்கு கண்ணிகள் கொண்ட இந்தச் சங்கிலியில் முதல் இரண்டும் கர்னல் நிரலருக்குத் தெரியாது. சாதனத்தைக் காசு கொடுத்து வாங்கித் திறந்து பார்த்தவருக்கே தெரியும். அவர் எழுதக்கூடிய இடம் விக்கி.

விக்கியின் பலவீனத்தை, ரவுட்டர்களுக்கான இயக்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ரவுட்டர்களின் பெரிய அட்டவணை விக்கியில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் எந்த வெளியீட்டிலிருந்து ஆதரவு, இப்போதைய ஆதரவு எந்த வெளியீட்டில் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அவற்றை மனிதர்கள் நிரப்ப வேண்டும். இன்னொரு பக்கம், ஃபர்ம்வேர் தேர்வுப் பக்கம் ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு வெளியீட்டின் தொகுப்பிலிருந்தும் பிறக்கும் தரவை மட்டுமே காட்டும். 4 எம்பி ஃபிளாஷ் சேமிப்பகமும் 32 எம்பி நினைவகமும் மட்டுமே கொண்ட பழைய ரவுட்டர்களுக்கான அதிகாரபூர்வத் தொகுப்பு 19.07 வரிசையோடு நின்றது. அதற்குப் பிந்தைய வெளியீட்டைத் தேர்வுப் பக்கத்தில் எடுத்தால் அவை தாமே காணாமல் போயிருக்கும். விக்கியில் ஒவ்வொரு வரியையும் யாராவது போய் மாற்றினால்தான் உண்டு. ஆனால் எந்தப் பதிப்பு நல்லது, கணினியோடு இணைக்க உதவும் தொடர்முனையை (சீரியல் முனை) எங்கே பற்றவைப்பது, நிறுவல் பாதியில் நின்றால் எப்படி மீட்பது என்பதெல்லாம் விக்கியில்தான் கிடைக்கும். இரண்டையும் வைத்துக்கொண்ட அந்தத் திட்டத்தின் முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

திரட்டிய அறிக்கைகள், சான்றிதழ்கள்

பயனரின் கணினியிலேயே ஒரு கருவியை ஓட்டி, சாதனப் பட்டியலையும் அவற்றின் நிலையையும் ஒரு தளத்துக்கு அனுப்பும் முறையில் லினக்ஸ் உலகில் எச்டபிள்யூ-புரோப் பெயர்பெற்றது. தொடர் எண்கள், வலையட்டை முகவரிகள் போன்ற தனிப்பட்ட அடையாளங்களை அது மறைத்தே அனுப்புகிறது. ஓப்பன்பிஎஸ்டி இதைவிட எளிய வடிவில், கணினி தொடங்கும்போது கர்னல் அச்சிடும் செய்திகளை அனுப்பிவைக்குமாறு பல ஆண்டுகளாகப் பயனர்களைக் கேட்டுவருகிறது. எந்தச் சாதனங்கள் உண்மையில் மக்களிடம் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஒரு டிரைவரை நீக்கலாமா என்று விவாதிக்கும்போது இதன் அருமை தெரியும். ஆயினும் டிரைவர் ஏறியது என்பதும் சாதனம் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள். அறிக்கை அனுப்பியவர் அதற்குப் பிறகு அந்தக் கணினியை மேம்படுத்தினாரா என்பதும் தெரியாது. இங்கே பழைய வரி விழுவதில்லை. பழைய தேதியோடு அப்படியே நிற்கும். தேதியும் பதிப்பு எண்ணும் இருப்பதால் அது பொய்யாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தயாரிப்பாளர் சான்றிதழ்களில், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் செய்வதுபோல, ஒவ்வொரு சான்றும் இயக்குதளத்தின் குறிப்பிட்ட பதிப்போடு கட்டப்பட்டிருக்கும். நம்பகத்தன்மை மிகுதி, செலவும் மிகுதி. சோதனைக் கூடமும் வணிக உறவும் இல்லாத குழு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு வழிக்குத்தான் ஆள்பலம் இருக்கிறது என்றால், டிரைவரோடு சேர்ந்த மேன் பக்கத்தையே எடுக்க வேண்டும். தானாக உருவாகும் பட்டியல் அதைவிடத் துல்லியமானது என்பது உண்மைதான். ஆனால் அது சொல்லாமல் விடுவது மிகுதி. மேன் பக்கம் துல்லியத்தில் கொஞ்சம் பின்தங்கினாலும், நீக்கம் ஓரளவு தானாக நடக்கிறது, குறைகளைச் சொல்லவும் இடம் இருக்கிறது. ஏற்கெனவே பெரிய விக்கி வைத்திருக்கும் குழு அதை மூட வேண்டியதில்லை. பதிப்பு எண்ணும் சோதித்த வெளியீடும் இல்லாத வரியை ஏற்பதில்லை என்று ஒரு விதியைப் போட்டு, வணிகப் பெயரிலிருந்து சிப்புக்கு வழிகாட்டும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்துவிடலாம். சிப்பிலிருந்து டிரைவருக்குப் போகும் பாதை விக்கியில் எழுதப்படாமல், மேன் பக்கத்துக்கான சுட்டியாக மட்டும் இருந்தால், டிரைவர் பெயர் மாறும்போது விக்கியில் திருத்த வேண்டிய இடங்கள் பெரிதும் குறைந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் உழைப்பு இருந்தால், எண் அட்டவணையைப் பட்டியலாக வெளியிடுவதைவிட மேன் பக்கத்தைக் கண்காணிக்கும் கருவியாகப் பயன்படுத்துவதே பலன் தரும். ஹார்டுவேர் பகுதியில் ஒவ்வொரு சாதன வரிக்கும் மேலே, வாசகருக்குத் தெரியாத குறிப்புரையாக அதன் அடையாள எண்களை எழுதிவைக்க வேண்டும். தொகுப்புச் சோதனையில் ஒரு சிறு நிரல் மேன் பக்கங்களையும் டிரைவர்களையும் ஒப்பிடும்: தொகுப்பில் இருக்கும் டிரைவருக்குப் பக்கம் இல்லையா, பக்கம் இருந்து டிரைவர் இல்லையா, பக்கத்தில் உள்ள எண் அட்டவணையில் இல்லையா என்று மூன்று கேள்விகள். கடைசி இரண்டுக்கும் சோதனை தோற்க வேண்டும்; முதலாவதுக்கு எச்சரிக்கை போதும், ஏனெனில் விடுபட்ட வரியால் வரும் இழப்பு சிறியது. அட்டவணையில் இருந்து பக்கத்தில் இல்லாத எண்களைப் பற்றிக் கருவி வாய் திறக்காமல் இருப்பதே நல்லது. குறைபாட்டு வரிகளையும் வகை வழி ஏற்பையும் வைத்துக்கொண்டு அதைக் கண்டிப்பாக்கினால், நிரலர்கள் ஒரே வாரத்தில் சோதனையை அணைத்துவிடுவார்கள்.

பழைய கையேட்டு அத்தியாயத்திலிருந்து மாறும் குழு எல்லாவற்றையும் ஒரே வெளியீட்டில் நகர்த்த முயல வேண்டியதில்லை. வலையமைப்பு டிரைவர்களையும் சேமிப்பகக் கட்டுப்படுத்திகளையும் முதலில் மாற்ற வேண்டும். நிறுவலின்போதே தேவைப்படுபவை அவை, தவறான வரியால் பயனர் உதவி கேட்கக்கூட வழியின்றி நிற்பதும் அங்கேதான். ஒலி, அச்சு, புகைப்படக் கருவிகள் பிறகு வரலாம். நகர்த்தும்போது, யாராலும் உறுதிசெய்ய முடியாத வரியை ஐயத்தோடு சுமந்துகொண்டு போகாமல் அங்கேயே விட்டுவிடலாம். அந்தச் சாதனத்தை வைத்திருப்பவர் இருந்தால் கேட்டுக்கொண்டு வருவார், அப்போது பதிப்பு எண்ணோடும் சோதித்த வெளியீட்டோடும் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.